காரின் கறுப்பு ரப்பர் வெளுத்துப் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்திரி வெயிலில் தெருவோரம் நிற்கும் ஏதாவது ஒரு பழைய காரைப் பாருங்கள். பெயின்ட் ஓரளவு தாக்குப் பிடித்திருக்கும். ஜன்னல் ஓரத்து ரப்பரும் வைப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கும் மட்டும் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். 2009 மாடல் சின்னக் கார் ஒன்றை சென்னையில், கூரை இல்லாத இடத்தில், இத்தனை வருஷமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அதைத் தேய்த்து, கெடுத்து, மறுபடி சரிசெய்து தெரிந்துகொண்டவை இவை. அபார்ட்மென்ட்டில் பக்கத்தில் கார் நிறுத்துபவர்கள் என்னிடம் கேட்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

வெளுத்திருப்பது ரப்பரா, பிளாஸ்டிக்கா? தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கிவிட்டுத் திரும்ப எழுந்தால் ரப்பர். அமுங்கவே இல்லை, சொரசொரப்பாக இருக்கிறது என்றால் பிளாஸ்டிக். கதவைத் திறந்தால் சுற்றி ஓடும் பீடிங், டிக்கி பீடிங், ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் இருப்பது எல்லாம் ரப்பர். பெயின்ட் அடிக்காத பம்பர், சைடு மிரர் கூடு, வைப்பர் அடித்தகடு, சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் கறுப்புப் பட்டை இவையெல்லாம் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் வகை பிளாஸ்டிக்.

தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் எளிது. பிளாஸ்டிக்குக்குச் செய்கிற சில வேலைகளை ரப்பருக்குச் செய்தால் ரப்பர் போய்விடும். அதைவிட முக்கியம், பிளாஸ்டிக் வெளுத்தால் அழகுதான் கெடும். ரப்பர் செத்தால் மழை உள்ளே வரும்.

கறுப்பாக இருந்தது ஏன் வெளுக்கிறது?

சாயம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ரப்பருக்குக் கறுப்பு கொடுப்பது சாயம் இல்லை, கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரி. அது எங்கும் போய்விடவில்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. மேல்தோல் பொடிந்து, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களும் வெடிப்புகளும் விழுகின்றன. அதோடு உள்ளே நிரப்பியாகச் சேர்த்த சுண்ணாம்புப் பொடி போன்றவை வெளியே தலைகாட்டுகின்றன. கரடுமுரடான பரப்பில் பட்ட வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் நம் கண்ணுக்குச் சாம்பல் நிறம்.

நம்பிக்கை இல்லையா? ஒரு கை தண்ணீரை அள்ளி வெளுத்த இடத்தில் தெளியுங்கள். புதுசு போலக் கறுத்துவிடும். தண்ணீர் பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்கிவிட்டது, அவ்வளவுதான். காய்ந்ததும் பழைய சாம்பல் திரும்பிவிடும். ரப்பருக்குப் பூசுவதற்கென்று கடையில் விற்கும் டிரஸ்ஸிங் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. தண்ணீரைவிட மெதுவாகக் காய்கின்றன என்பதற்குத்தான் காசு.

கதவு பீடிங் என்ன ரப்பர்? மரத்து ரப்பரா?

இல்லை. குலசேகரம் பக்கம் தோட்டங்களில் பால் வடிக்கிறார்களே, அந்த மரத்துக்கும் உங்கள் கதவு பீடிங்குக்கும் சம்பந்தம் கிடையாது. பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். எத்திலீன், புரோப்பிலீன் என்ற வாயுக்களிலிருந்து செய்வது. மர ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் இருக்கும் ஓசோன் அவற்றைத்தான் குறிபார்த்துத் தாக்கும். பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் குறுக்காகக் கீறல் விழுவது அதனால்தான். ஈபிடிஎம்மின் முதுகெலும்பில் அந்தப் பலவீனம் இல்லை. வெயில், மழை, ஓசோன் மூன்றையும் பல வருஷம் தாங்கும்.

தாங்காத ஒன்று இருக்கிறது: எண்ணெய். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் ஆகாது. உப்பிவிடும். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரும் பெரும்பாலும் இதே சாதிதான். பிரேக் ஆயிலில் தவறிப்போய் வேறு ஆயில் கலந்துவிட்டால் மெக்கானிக் பதறுவது இதற்காகத்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வெளுப்பா, அழுக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்துக் காரில் நான் பார்த்த வரை, வெளுத்துவிட்டது என்று கொண்டுவருவதில் பாதி அழுக்குதான்.

போர் தண்ணீரில் கழுவி அப்படியே வெயிலில் காயவிட்ட கார் என்றால், வெள்ளைத் திட்டுகள் உப்பு. குடத்துக்கு அடியில் படியுமே, அதே உப்பு. வட்ட வட்டமாக, சொட்டு விழுந்த வடிவத்தில் இருக்கும். பெயின்டுக்குப் பாலிஷ் போட்டவர் கை தவறி ரப்பரில் இழுத்திருந்தால் ஓரமாக வெள்ளைக் கோடு இருக்கும். பாலிஷில் இருக்கும் மெழுகும் தேய்ப்புப் பொடியும் சொரசொரப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக மாற்றிய பீடிங்கில் விபூதி பூசியது போல ஒரு பொடி படிந்தால் பயப்பட வேண்டாம். ரப்பருக்குள் இருக்கும் மெழுகு போன்ற பொருட்கள் மேலே கசிந்து வருகின்றன. துடைத்தால் போகும், கொஞ்ச நாளில் மறுபடி வரும்.

உண்மையான வெளுப்பு ஒரே சீராக இருக்கும். வெயில் படும் பக்கம் அதிகமாகவும், சுவரோரமாக நிற்கும் பக்கம் குறைவாகவும் இருக்கும். என் காரில் இடது பக்கம் சாம்பல், வலது பக்கம் இன்னும் கறுப்பு. பார்க்கிங்கில் மேற்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பது ரப்பரிலேயே எழுதியிருக்கிறது.

சரி, சுத்தம் எப்படிச் செய்வது?

இதில்தான் முக்கால்வாசி வேலை. இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் மேலே என்ன பூசினாலும் நிற்கும். இதை விட்டுவிட்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் பூசினாலும் ஒரு மழைக்குத் தாங்காது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலை 5 மணிக்குப் பிறகோ ஆரம்பியுங்கள். ரப்பர் கையில் சுடக்கூடாது. முதலில் சாதாரணமாகக் காரைக் கழுவுங்கள். மணல் போக வேண்டும், இல்லாவிட்டால் பிரஷ்ஷோடு சேர்ந்து பெயின்டைக் கீறும். அப்புறம் ஆல் பர்ப்பஸ் கிளீனரை 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் ரப்பரில் தேய்க்கவும். அது இல்லையென்றால் கார் ஷாம்பூவையே கொஞ்சம் கெட்டியாகக் கலந்துகொள்ளலாம். துணி துவைக்கும் சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர் வேண்டாம். பவுடர் ரப்பரை உரசிவிடும்.

தேய்க்கத் தேய்க்க நுரை பழுப்பாகும், பிறகு கறுக்கும். ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கித் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் அழுக்கு, இன்னும் தேய்க்கலாம். கறுப்பாக வந்தால் அது பொடிந்துபோன மேல்தோல். முதல் இரண்டு மூன்று தடவை கறுப்பு வருவது நல்லதுதான், செத்த தோல் உரிகிறது. துணி முழுக்கச் சுத்தமாக வரும் வரை விடமாட்டேன் என்று தேய்க்கக் கூடாது. பழைய ரப்பர் எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் கறுப்பு விட்டுக்கொண்டேதான் இருக்கும். லேசான சாம்பல் கறை அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்.

உப்புத் திட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து 2 நிமிஷம் ஒட்டி வைத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். கதவுக்குள் இருக்கும் பீடிங்கின் மடிப்புகளை விரலால் பிரித்துப் பார்க்க மறக்க வேண்டாம். உள்ளே களிமண், வேப்பம்பூ, ஒரு தடவை எனக்கு உலர்ந்த பல்லி முட்டை கூடக் கிடைத்தது. கடைசியில் நிழலில் ஒரு மணி நேரம் முழுசாகக் காயவிடுங்கள். மடிப்புக்குள் ஈரம் இருக்கும்போதே எதையாவது பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

என்ன பூசலாம்?

கடையில் இரண்டு ஜாதி கிடைக்கும். ஒன்று பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அது தண்ணீரில் கலந்த சிலிகோன். மற்றது எண்ணெய் போலத் தெளிவாக, பளபளவென்று, பெட்ரோலிய வாசனையோடு இருக்கும். அது கரைப்பானில் கலந்தது. ரப்பருக்கு முதல் ஜாதியை வாங்குங்கள். புற ஊதாத் தடுப்பு சேர்த்தது என்று லேபிளில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். ஆனால் தூசியைக் காந்தம் போல இழுக்கும், கரைப்பான் ரப்பருக்கும் நல்லதில்லை.

பூசும்போது பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கார் மேல் நேராக அடிக்காமல் ஸ்பாஞ்சிலோ மைக்ரோஃபைபர் துணியிலோ எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். ஒரு கதவைச் சுற்றிவர ஒரு டீஸ்பூனே அதிகம். 10, 15 நிமிஷம் ஊறவிட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒத்தி எடுத்துவிடுங்கள். இந்த ஒத்தி எடுப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் முதல் மழையில் கதவு முழுக்கக் கோடு கோடாக வழியும். ரொம்ப வறண்ட ரப்பர் என்றால் மறுநாள் இன்னொரு தடவை. ஒரே நாளில் கெட்டியாகப் பூசுவது அதற்கு ஈடாகாது.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? ஷூ பாலிஷ்?

தேங்காய் எண்ணெய் தலைக்கு. ரப்பரில் தடவினால் ஒரு வாரம் கறுப்பாக இருக்கும், அப்புறம் தெருத் தூசி எல்லாம் வந்து ஒட்டி, பிசுக்காகி, காறல் வாசனை வரும். கதவு மடிப்பில் தடவினால் எறும்பும் வரும்.

ஷூ பாலிஷ் என்பது மெழுகும் கரைப்பானும் கறுப்புச் சாயமும். என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, ஆசையாக வாசற்படி ஓரத்து ரப்பர் முழுக்க ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்து வைத்தேன். கார் அசந்துபோகும் அளவுக்குக் கறுத்தது. மறுநாள் வெயிலில் அது இளகிவிட்டது. மண்டபத்து வாசலில் பெரியப்பா இறங்கினார். பட்டு வேட்டியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, கடைக்காரன் ஒரு கரைதானே போட்டான், நீ இன்னொண்ணு போட்டுட்டியா?" என்றார். நல்ல மனுஷர், அதோடு விட்டார். பெரியம்மா விடவில்லை.

சர்வீஸில் டீசல் அடித்துத் தருகிறார்களே?

வாட்டர் வாஷ் முடித்து, ஒரு ஸ்பிரே கன்னில் டீசலோ பழைய ஆயில் கலவையோ நிரப்பி, வண்டியின் அடியில், டயரில், பம்பரில் எல்லாம் அடித்து அனுப்புவது பல இடங்களில் இன்றும் நடக்கிறது. வண்டி வெளியே வரும்போது பளிச்சென்றுதான் இருக்கும். அடிப்பாகத்தில் அதிர்வைத் தாங்கும் புஷ், மூட்டுகளை மூடியிருக்கும் பூட் எல்லாம் ரப்பர். அதில் டீசல் ஊறினால் அது உப்பி, தொளதொளத்து, ஆயுசு குறையும். பழைய பீடிங் துண்டு ஒன்று கையில் இருந்தால் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி போட்டு வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் வாஷுக்கு விடும்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்: "அண்ணே, டீசல் வேண்டாம், தண்ணி மட்டும் போதும்."

டபிள்யூடி-40 அடித்தால் கீச் சத்தம் நிற்கிறதே?

நிற்கும். அது கீலுக்கு, துருப்பிடித்த போல்ட்டுக்கு. அதில் பெட்ரோலிய எண்ணெயும் கரைப்பானும் இருக்கின்றன. ஒரு தடவை பட்டுவிட்டால் குடி முழுகிவிடாது, துடைத்துவிடுங்கள். பீடிங்குக்கு வழக்கமாக அடிக்க அது ஆகாது. அதற்கு சிலிகோன் ஸ்பிரே என்றே தனியாக விற்கிறார்கள்.

கிளிசரின்?

மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் கிடைப்பதுதான். ரப்பருக்குக் கெடுதல் செய்யாது. குளிர் நாடுகளில் கதவு பனியில் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவுகிற பழக்கம் உண்டு. நம் ஊரில் ஒரு மழையோடு கரைந்துபோகும். கையில் வேறு எதுவும் இல்லை, கதவு பீடிங் காய்ந்து ஒட்டுகிறது என்றால் தடவலாம்.

ஹீட் கன் காட்டினால் கறுப்பாகிவிடுகிறதாமே?

பிளாஸ்டிக்குக்கு மட்டும். ரப்பர் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. வெளுத்த பம்பரில் ஹீட் கன்னை ஓட்டிக்கொண்டே போனால் மேல்தோல் லேசாக இளகி, நுண்ணிய வெடிப்புகள் மூடிக்கொள்ளும். கண் முன்னால் சாம்பல் கறுப்பாக மாறும். பார்க்க மாயாஜாலம் மாதிரிதான் இருக்கும். ஆனால் பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகிவிடும், ஹீட் கன்னிலிருந்து வரும் காற்றோ 300 டிகிரியைத் தாண்டும். ஒரே இடத்தில் சில நொடி நின்றால் சொரசொரப்பு போய் மொழுக்கென்று ஒரு வழுக்கை விழும். அதை எதனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பக்கத்துப் பெயின்டும் கொப்புளிக்கலாம். இத்தனைக்கும் பலன் சில மாதம்தான், ஏனென்றால் புற ஊதாவுக்குப் புதிதாக எந்தத் தடுப்பும் நாம் கொடுக்கவில்லை. நான் என் கார் பம்பரில் ஒரு தடவை செய்தேன். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

டிரிம் சாயம், கோட்டிங் எல்லாம் போடலாமா?

வெளுத்த பிளாஸ்டிக்குக்கு இதுதான் சரியான வைத்தியம். டிரஸ்ஸிங் வாரக்கணக்கில் நின்றால் கோட்டிங் மாதக்கணக்கில், நன்றாகப் போட்டால் ஒன்றிரண்டு வருஷம் வரை நிற்கும். ஒரே நிபந்தனை, பரப்பில் பழைய சிலிகோன் துளியும் இருக்கக் கூடாது. சுத்தம் செய்த பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் கையுறை போட்டுக்கொண்டு பூசவும். பெயின்டில் பட்டால் உடனே துடைக்க வேண்டும், காய்ந்தால் போகாது.

அமுங்கி எழும் கதவு பீடிங்குக்குக் கோட்டிங் வேண்டாம். கெட்டியான படலம் வளையும்போது வெடித்து உதிரும்.

பீடிங் வெளியே கறுப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி. எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து பீடிங் மேல் வைத்து, பாதி வெளியே தெரியும்படி கதவைச் சாத்துங்கள். இப்போது நோட்டை இழுங்கள். இழுக்கும்போது ஒரு பிடிமானம், ஒரு தயக்கம் இருந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. வெண்ணெயில் கத்தி மாதிரி வந்துவிட்டால் அங்கே இடைவெளி. ஒரு சாணுக்கு ஒரு இடம் என்று கதவைச் சுற்றிவரப் பாருங்கள். மேல் மூலைகளும், கண்ணாடிச் சட்டம் பின்னால் வளையும் இடமும்தான் முதலில் போகும். டிரைவர் கதவு மற்ற மூன்றையும் முந்திக்கொண்டு போகும், ஒரு நாளைக்கு அதைத்தானே அதிகம் திறந்து மூடுகிறோம்.

அடுத்து, பீடிங்கின் குழாய் போன்ற பாகத்தை விரலால் நசுக்கி விடுங்கள். உடனே எழ வேண்டும். தட்டையாகவே கிடந்தால், வருஷக்கணக்கில் நசுங்கி நசுங்கி அதுவே அதன் வடிவம் ஆகிவிட்டது. எந்தக் கிரீமும் அதை எழுப்பாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் காதுக்குப் பக்கத்தில் ஒரு விசில் கேட்கிறதா? ஏசி போட்டும் மதியத்தில் குளிர மாட்டேன் என்கிறதா? கதவைச் சாத்தும்போது "தப்" என்று கேட்டது இப்போது "டங்" என்று தகரம் போலக் கேட்கிறதா? எல்லாம் இதன் அறிகுறிகள்தான்.

மழைக்கு உள்ளே தண்ணீர் வருகிறது. பீடிங்கை மாற்றிவிட வேண்டியதுதானே?

அவசரப்பட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்த ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் கதவே ஒரு வாளி ஆகிவிடும். பிரேக் போடும்போது கதவுக்குள் சளசளவென்று சத்தம் வந்தால் இதுதான். பல் குத்தும் குச்சியால் குத்திவிட்டாலே போதும்.

இன்னொரு இடம் வைப்பருக்கு அடியில். மரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் வேப்பிலை, புங்க இலை எல்லாம் அங்கே சேர்ந்து மக்கி வடிகாலை அடைத்துவிடும். தண்ணீர் தேங்கி, ஏசி காற்று உள்ளே போகும் வழியாக முன் சீட்டுக் கால் மிதியில் வந்து இறங்கும். பீடிங் மேல் பழி விழும்.

சந்தேகம் தீர ஒரே வழி: ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாக, அடியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே நுழைந்தது என்றே தெரியாது. வீட்டில் பையன் இருந்தால் உள்ளே உட்கார அவனே முன்வருவான்.

பீடிங் மாற்றுவது நானே செய்யக்கூடியதா?

கதவு, டிக்கி பீடிங் இரண்டும் தாராளமாகச் செய்யலாம். பெரும்பாலும் கதவுச் சட்டத்துத் தகரத்தின் விளிம்பில் கவ்வி நிற்பவைதான். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். கதவிலேயே கிளிப் வைத்துப் பொருத்திய வகையும் உண்டு, அதை கிளிப் உடையாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

புதியதை வாங்கும்போது உங்கள் மாடலுக்கு என்றே வார்த்த கம்பெனி பீடிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் மீட்டர் கணக்கிலும் கிடைக்கும். அதை வாங்குவதானால் பழைய பீடிங்கில் ஒரு சாண் வெட்டிக்கொண்டு போங்கள். குழாயின் பருமன், கவ்வும் பள்ளத்தின் அகலம் இரண்டும் பொருந்த வேண்டும். குழாய் பருமனாக இருந்தால் கதவை ஓங்கி அறைந்தாலும் பூட்டாது. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பீடிங்கை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கதவு, லைட், கைப்பிடி எல்லாம் அங்கே வாங்கலாம். வேறு ஒரு கதவில் பத்து வருஷம் நசுங்கிய ரப்பர் உங்கள் கதவில் வந்து எழுந்து நிற்காது.

பழையதை உருவியதும் அந்தத் தகர விளிம்பைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் துரு இருக்கும். பீடிங்குக்குள் கவ்வுவதற்காக இருக்கும் தகடும் துருவேறி உப்பியிருக்கும். துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமரும் டச்சப் பெயின்டும் வைத்துக் காயவிட்ட பிறகுதான் அடுத்த வேலை.

மாட்டும்போது இணைப்பு கீழே, வாசற்படிப் பக்கம் வருமாறு ஆரம்பியுங்கள். மூலைகளை முதலில் உட்கார வைத்து, இடையில் இருப்பதைக் கையால் குத்தி அழுத்திக்கொண்டே போகலாம். ரப்பர் சுத்தியல் இருந்தால் நல்லது. ஒரே தவறு இழுப்பது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று இழுத்து மாட்டிவிட்டு வெட்டினால், சில வாரத்தில் அது சுருங்கிப் பழைய நீளத்துக்குப் போகும். இணைப்பில் ஒரு விரல் இடைவெளி தெரியும். மாறாக, ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு நெருக்கித் திணியுங்கள். முதல் ஒரு வாரம் கதவு கொஞ்சம் விறைப்பாகச் சாத்தும். அது பழகிவிடும்.

சின்னக் கிழிசல்தான். ஒட்டிவிடலாமா?

ஈபிடிஎம் லேசில் எதோடும் ஒட்டாத ரப்பர். பஞ்சர் கடை சொல்யூஷன் நிற்காது. ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் ஒட்டிய இடம் கண்ணாடி போல விறைத்துப்போய் பக்கத்தில் புதிதாகக் கிழியும். ஒரு சென்டிமீட்டர் கிழிசல், அசையாத இடம் என்றால் பீடிங் ஒட்டுவதற்கென்றே இருக்கும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டும் பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சீசன் ஓட்டலாம்.

பவர் விண்டோ திணறித் திணறி ஏறுகிறது. மோட்டார் போச்சா?

பல நேரம் இல்லை. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் வெல்வெட் மாதிரி ஒரு பூப்பு இருக்கும். அதில் மண் ஏறினால் கண்ணாடி இறுகும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஒரு தட்டையான குச்சியில் ஈரத்துணி சுற்றிப் பள்ளத்தின் உள்ளே மேலும் கீழும் இழுங்கள். துணியில் வரும் சேற்றைப் பார்த்தால் மோட்டார் மேல் இரக்கம் வரும். காய்ந்ததும் சிலிகோன் ஸ்பிரே லேசாக ஒரு முறை அடித்து, கண்ணாடியை நாலு தடவை ஏற்றி இறக்குங்கள். கிரீஸ், எண்ணெய் வேண்டவே வேண்டாம், மண்ணோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகிக் கண்ணாடியில் கீறல் போடும்.

பழைய அம்பாசடர் வைத்திருக்கிறேன். முன் கண்ணாடி ரப்பர் விறைத்துவிட்டது.

அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் கண்ணாடியைத் தாங்கி நிற்பதே அந்த ரப்பர்தான். இன்றைய கார்களில் கண்ணாடி பாலியூரிதேன் பசையில் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் தெரியும் ரப்பர் பட்டை பெரும்பாலும் அழகுக்கு. ஆகவே உங்கள் வண்டியில் ரப்பர் விறைத்து வெடித்திருந்தால் மேலே பூசிச் சமாளிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். இது இரண்டு பேர் வேலை. புது ரப்பரைக் கண்ணாடியில் சுற்றி மாட்டி, அதன் உள்பள்ளம் முழுக்க ஒரு நைலான் கயிறு ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். மற்றவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே ஏறி உட்காரும். பழைய டிங்கரிங் ஆட்கள் இதைச் செய்வதைப் பார்ப்பதே ஒரு அழகு. அவர்கள் எண்ணிக்கை குறைந்துவருகிறது, தெரிந்தவர் யாராவது இருந்தால் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே டிரஸ்ஸிங்கை வைப்பர், டயரிலும் பூசலாமா?

வைப்பர் ரப்பரில் கூடவே கூடாது. மழை ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணாடி முழுக்க வானவில்லாகப் பரவும். வைப்பரை ஈரத்துணியால் துடைத்தால் போதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புதியது போடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் தண்ணீர் கலந்த வகையைப் பூசலாம். ரோட்டைத் தொடும் பாகத்திலும் பிரேக் டிஸ்க்கிலும் படவே கூடாது. டயர் பழுப்பாவது ஓசோனிலிருந்து காக்க உள்ளே சேர்த்த மருந்து மேலே கசிவதால். பளபளப்பில் மயங்கி வயதை மறந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த மாதம்?

வெளியே நிற்கும் கார் என்றால் வெளிப்பக்க ரப்பருக்கு மாதம் ஒரு தடவை. உள்பக்கக் கதவு பீடிங்குக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை தாராளம். நான் பங்குனி கடைசியில் ஒன்று, கத்திரிக்கு முன்னால்; புரட்டாசி கடைசியில் ஒன்று, மழைக்கு முன்னால் என்று வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் நோட்டுச் சோதனையையும் அந்தப் புரட்டாசித் தடவையிலேயே முடித்துவிடுவேன். ஐப்பசியில் பீடிங் தேடி அலைந்தால் கடைக்காரர் "எல்லாரும் இப்பதான் சார் வர்றாங்க" என்பார்.

அடுத்த வாரம் பெயின்டிங்குக்கு விடப்போகிறேன். அதற்கு முன் ரப்பரை அழகாக்கிவிடலாமா?

வேண்டாம். சிலிகோன் ஒரு துளி பெயின்ட் பரப்பில் இருந்தாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, மீன் கண் போலக் குழி குழியாக நிற்கும். ஏற்கெனவே பூசியிருந்தால் பெயின்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிலிகோனை எடுக்கும் கிளீனரால் இரண்டு தடவை துடைத்துவிட்டு அடிப்பார். பெயின்ட் முடிந்ததும், வண்டியை வீட்டுக்கு எடுத்துவரும் முன்பே, முதல் வேலையாக ரப்பரில் ஒட்டிய பெயின்ட் துகள்களையும் டேப் பசையையும் பாருங்கள். வண்டி பட்டறையில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் அவர்களே துடைத்துக் கொடுப்பார்கள்.